ஏறிய அம்மா இறங்கவில்லை

ஃபெர்ரியில் ஏறிய எல்லாரும் தீவில் இறங்கினார்கள், ஒரே ஒரு அம்மாவைத் தவிர.

இந்த விஷயத்தை அந்த அம்மாவின் சின்ன மருமகள் அழாமல் சொன்னதே உதவியாளன் நெட்டைக்குப் பிடித்துவிட்டது. துப்பறியும் அம்மாளின் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் முதலில் அழுவார்கள், அப்புறம் தண்ணீர் கேட்பார்கள், மின்விசிறியைக் கூட்டி வைக்கச் சொல்வார்கள், விஷயம் கடைசியில் வரும். இவள் நாற்காலியின் தூசியைக் கைக்குட்டையால் தட்டிவிட்டு உட்கார்ந்தாள், உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள்.

மாமியாருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவருக்குக் கரையில் கட்டில் மெத்தைக் கடை. இளையவர் தீவில் ஐஸ் ஃபாக்டரியின் இரவுக் காவலாளி. மாமனார் போன பிறகு பிள்ளைகள் இருவரும் உட்கார்ந்து பேசி, அம்மாவை ஆளுக்குக் கொஞ்ச மாதம் வைத்துக்கொள்வதென்று முடிவு செய்தார்கள். அம்மாவிடம் கேட்டார்களா என்று துப்பறியும் அம்மாள் நடுவில் கேட்டார். சின்ன மருமகள் சற்று யோசித்துவிட்டு, அப்படி யாருக்கும் தோன்றவில்லை என்றாள். அன்றிலிருந்து மாமியார் ஒரு பையோடு கரைக்கும் தீவுக்கும் போய் வந்துகொண்டிருந்தார். இந்த முறை இளையவரின் முறை. அவரே கரைக்கு வந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஃபெர்ரி ஏறினார். ராத்திரி வேலை பார்த்த அசதி, கீழ்த்தளத்தில் உட்கார்ந்ததும் தூங்கிவிட்டார். தீவு வந்ததும் ஆளாளுக்கு இறங்கினார்கள். அம்மாவைக் காணோம். மேல்தளத்துப் பெஞ்சில் அவர் பை மட்டும் இருந்தது. இறங்குமிடத்தில் டோக்கனைத் திருப்பி வாங்குகிற ஆள், கணக்கில் ஒன்று குறைகிறது என்றான்.

மூத்தவர் நேராகப் போலீசுக்குப் போனார். தம்பிதான் அம்மாவைக் கடலில் தள்ளிவிட்டான் என்று எழுதிக் கொடுத்தார். இளையவர் இப்போது லாக்கப்பில் இருக்கிறார்.

"என் வீட்டுக்காரர் கொலை பண்ற ஆளு இல்லைங்க," என்றாள் சின்ன மருமகள். "கொலை பண்ணணும்னா முதல்ல எழுந்திரிக்கணும்."

நெட்டை சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினான். ஆறடிக்கு மேல் வளர்ந்த உடம்பு, அதைவிட நீளமான நாக்கு. இன்சூரன்ஸ் ஏஜெண்டாக இருந்தபோது, பாலிசி எடுக்க வந்த ஒருவரிடம், "உங்களைப் பார்த்தா கம்பெனிக்கு நஷ்டம்தான் வரும்போல" என்று சொல்லி வேலையை இழந்தவன். துப்பறியும் அம்மாள் அந்த நாக்குக்காகவே அவனை உதவியாளனாக வைத்துக்கொண்டார். எதிரில் இருப்பவரை எரிச்சலூட்டினால் பாதி உண்மை தானாக வெளியே வரும் என்பது அவருடைய கணக்கு.

போகும்போது சின்ன மருமகள் வாசலில் நின்றாள். இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும் என்றாள். போன முறை மாமியார் வந்திருந்தபோது ஒரு சண்டை. "இந்த அத்தை தொலைஞ்சாத்தான் எனக்கு நிம்மதி" என்று தெருவே கேட்கக் கத்திவிட்டாள். அதையும் மூத்தவர் போலீசில் சொல்லியிருக்கிறார். அடுத்து தன்னையும் கூப்பிடுவார்கள்.

"கோவத்துல சொன்னதுங்க. ஆனா சொன்னேன்," என்றாள். அவள் கண் கலங்கியது அப்போதுதான்.

மறுநாள் காலை பயணிகள் துறைமுகம் வழக்கம்போல் ஆளுக்கொரு மூட்டையும் ஆளுக்கொரு சிடுசிடுப்புமாக இருந்தது. டிக்கெட் கவுண்டர் மூன்று, அதில் திறந்திருந்தது ஒன்று. மற்ற இரண்டின் கண்ணாடியிலும் "அடுத்த கவுண்டரை அணுகவும்" என்று எழுதி ஒட்டியிருந்தது. இரண்டும் ஒன்றையொன்று கைகாட்டிக்கொண்டு நின்றன. உப்புக் காற்றில் துருப்பிடித்த நாற்காலி வரிசையில், கிழியாத இருக்கையாகப் பார்த்து மூத்தவர் உட்கார்ந்திருந்தார். கறுப்புக் கண்ணாடி, கையில் மடித்த கைக்குட்டை, மடியில் அம்மாவின் பை. சம்பவம் நடந்த இடத்தைக் காட்டத் தானே வருவதாக அவராகத்தான் ஒப்புக்கொண்டிருந்தார்.

துப்பறியும் அம்மாளைப் பார்த்ததும் அவருக்கு அழுகை வந்தது. அழுதார். அழுது முடித்து, சீக்கிரம் முடியுமா, கடையில் மெத்தை லோடு இறங்குகிறது என்று கேட்டார்.

"கவலைப்படாதீங்க சார்," என்றான் நெட்டை. "துக்கமும் லோடும் ஒரே நாள்ல இறங்கினா கூலி மிச்சம்."

மூத்தவருக்கு இது ஆறுதலா, குத்தலா என்று புரியவில்லை. ஆறுதலாகவே எடுத்துக்கொண்டார். தம்பி மனைவி அங்கே நிற்பதைப் பார்க்காததுபோலத் திரும்பிக்கொண்டார். அவளும் கடலைப் பார்த்தபடி நின்றாள். நான்கு பேரும் டோக்கன் வாங்கிக்கொண்டு ஏறினார்கள். ஃபெர்ரியின் ஒவ்வொரு கதவிலும் நெட்டை தலையை இடித்துக்கொண்டான். அது சராசரி உயரத்தை நம்பிக் கட்டிய கப்பல்.

மேல்தளத்தில் கடைசிப் பெஞ்சைக் காட்டினார் மூத்தவர். பின்னால் இடுப்பளவு கம்பி, அதற்குப் பின்னால் கடல். அம்மாவுக்கு மூட்டு வலி, ஒரு படி ஏறமாட்டார், தம்பிதான் தூக்கி வந்திருக்க வேண்டும் என்று வாதத்தை அடுக்கினார். வீட்டில் தினமும் அவர் மனைவி எண்ணெய் தேய்த்துவிடுவாளாம்.

"எங்க வீட்டுல மாடியேறித் துணி காயப்போடுவாங்க," என்றாள் சின்ன மருமகள், யாருக்கும் சொல்லாததுபோல. "மூட்டு வலி பெரியத்தான் வீட்டுல மட்டும்தான் வரும். அங்க சின்னப் பேச்சு வந்தா உடனே படுத்துக்கலாம் பாருங்க."

மூத்தவரின் கறுப்புக் கண்ணாடி அவள் பக்கம் திரும்பியது. அதற்குள் துப்பறியும் அம்மாள் பையை வாங்கிப் பெஞ்சில் வைத்துவிட்டார்.

அவருக்குத் துப்பறிவது இரண்டாவது வேலை. ஓய்வு பெறும்வரை ரயில்வேயில், பயணிகள் தவறவிட்ட பொருள்களைச் சேர்த்து வைக்கிற அறைக்குப் பொறுப்பாக இருந்தவர். குடை, பல்செட், கல்யாண ஆல்பம், ஒருமுறை ஒரு மாப்பிள்ளையும்கூட அந்த அறைக்கு வந்து சேர்ந்ததுண்டு. ஒரு பொருளைப் பார்த்தால் அதை விட்டுப் போனவரின் மனதைச் சொல்லிவிடுவார் என்று அங்கே பேர்.

பையின் தோள்வார் பாதியில் அறுந்திருந்தது. அறுந்த இடம் நேராக, சுத்தமாக இருந்தது. என்ன ஆனது என்று கேட்டார். மூத்தவர் சலித்துக்கொண்டார். அந்த வாரைப் பெஞ்சுக் காலில் கட்டிப் போட்டிருந்ததாம். முடிச்சு அவிழவில்லை, போலீஸ்காரர் கத்தியால் அறுத்து எடுத்திருக்கிறார்.

"எத்தனை முடிச்சு?"

"ரெண்டோ மூணோ. அதுக்கென்ன இப்போ?"

துப்பறியும் அம்மாள் பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்தார். மடித்த துணிகள், போர்வை, எண்ணெய்ப் புட்டி, மாத்திரைகள், ஒரு டார்ச். எல்லாம் பெரிய மருமகள் அடுக்கியது என்றார் மூத்தவர், மனைவியின் பொறுப்பில் பெருமைப்பட்டு. எதுவும் குறையவில்லை, போலீசிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள்.

அம்மாவுக்கென்று அம்மாவே வைத்துக்கொண்ட பொருள் எது என்று துப்பறியும் அம்மாள் கேட்டார். மூத்தவர் பெஞ்சில் கிடந்தவற்றை மறுபடி ஒவ்வொன்றாகப் பார்த்தார். பெற்ற பிள்ளைக்கு இது சிலபஸில் இல்லாத கேள்வி என்று நெட்டைக்குப் புரிந்தது.

பதில் சின்ன மருமகளிடமிருந்து வந்தது. மாமியாரிடம் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா உண்டு. போகுமிடமெல்லாம் கூடவே வரும். யாரையும் தொடவிடமாட்டார். அடுப்படியில் தனியாக இருக்கும்போது திறப்பார், ஆள் வந்தால் மூடிவிடுவார். உள்ளே என்ன என்று கேட்டால், "உனக்கு வேண்டாதது" என்பார். அந்த டப்பாவும் அவர் மூக்குக் கண்ணாடியும் பையில் இல்லை.

"கண்ணாடி போட்டிருந்திருப்பாங்க, விழும்போது கூடவே போயிருக்கும்," என்றார் மூத்தவர்.

"டப்பாவையும் மூக்குல மாட்டியிருந்தாங்களா சார்?" என்று கேட்டான் நெட்டை.

துப்பறியும் அம்மாள் எல்லாவற்றையும் பழையபடி மடித்து வைத்தார். பிறகு நெட்டையைக் கம்பியோரமாகத் தள்ளிக்கொண்டு போனார். காற்றில் மற்றவர்களுக்குக் கேட்காது.

"மறந்துட்டுப் போற பை வேற, விட்டுட்டுப் போற பை வேற," என்றார். "மறக்கிறவங்க சின்னதை விட்டுட்டுப் பெருசை எடுத்துட்டுப் போவாங்க. இந்தம்மா பெருசை விட்டுட்டுச் சின்னதை எடுத்துட்டுப் போயிருக்காங்க."

"அந்த முடிச்சு, பாஸ்?"

"கப்பல் ஆடும். பை உருண்டு விழுந்து வேற யாரும் எடுத்துடக் கூடாது. சொந்தக்காரங்க கைக்குப் பத்திரமாப் போய்ச் சேரணும். அடுத்தவங்க பொருளைத் திருப்பிக் குடுக்கிறவங்கதான் அப்படிக் கட்டுவாங்க."

கடலில் தள்ளப்படுகிறவர் அதற்கு முன் உட்கார்ந்து இரண்டு மூன்று முடிச்சு போடுவதில்லை என்பது நெட்டைக்கும் விளங்கியது. அப்படியானால் அம்மா உயிரோடு இருக்கிறார். சந்தோஷம்தான். ஆனால் அடுத்த கணமே அவன் மூளை முட்டுச்சந்தில் போய் நின்றது. இறங்குமிடத்தில் டோக்கன் குறைகிறது. நடுவில் நிற்கிற ஊர் எதுவும் இல்லை. மீன்பிடி படகு எதுவும் பக்கத்தில் வரவில்லை என்று கேப்டன் போலீசில் சொல்லியிருக்கிறார். சிறகு முளைத்திருந்தால் உண்டு.

"ஏறினது உண்மை. கடல்ல விழலை. இறங்கவும் இல்லை," என்றான். "இதுல ஏதோ ஒண்ணு பொய் பாஸ்."

"மூணும் உண்மைன்னு வச்சுப் பாரேன்," என்றார் துப்பறியும் அம்மாள். "போய் டீ வாங்கிட்டு வா. தலை வலிக்குது."

டீ என்ற சொல்லைக் கேட்டதுமே சின்ன மருமகள் தனக்கு வேண்டாம் என்று கையை ஆட்டினாள். இந்த ஃபெர்ரியில் டீ குடிப்பதற்குப் பதில் கடலில் குதிக்கலாம் என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். போலீஸ்காரர் யாரும் பக்கத்தில் இல்லாதது அவள் அதிர்ஷ்டம். மூத்தவர் ஒரு போன் பேச வேண்டும் என்று நெட்டையோடு கீழே வந்தார்.

கான்டீன் கீழ்த்தளத்தின் பின்கோடியில் இருந்தது. அதன் ஷட்டர் பாதியில் சிக்கி நின்று எத்தனையோ காலமாகிறது. அலுவலகத்தில் கேட்டால் நாளைக்குச் சரிசெய்வார்கள். அந்த நாளை இன்னும் வரவில்லை. ஷட்டருக்கும் மேடைக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. உள்ளே இருப்பவரின் கைகளும் பச்சை ஏப்ரனும் தெரியும், முகம் தெரியாது. நெட்டையின் உயரத்துக்குக் கைகள்கூட மணிக்கட்டு வரைதான் தெரிந்தன.

டீ வரிசை நீளமாக இருந்தது. இவ்வளவு மோசமான டீக்கு இவ்வளவு வரிசையா என்று முன்னால் நின்ற மருந்துக் கம்பெனி விற்பனையாளரிடம் கேட்டான். அவர் வாராவாரம் தீவுக்குப் போகிறவர். டீ மோசமாக இருந்தது பழைய கதை என்றார். அந்தப் பாவப்பட்ட அம்மா கடலில் போன பிறகு இந்தக் கப்பலில் நடந்த ஒரே நல்ல காரியம் டீ நன்றாகிவிட்டதுதான் என்று, துக்கத்தையும் திருப்தியையும் ஒரே மூச்சில் சொன்னார்.

முறை வந்தது. "மூணு டீ," என்றான் நெட்டை. மூத்தவர் மேடையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, மெத்தைக் கடைக்காரர்களுக்கே உரிய குரலில், கப்பலின் மறுகோடிக்குக் கேட்கும்படி போனில் பேசிக்கொண்டிருந்தார். லோடு இறங்கிவிட்டதா என்று கேட்டார். தம்பி விஷயம் என்னாச்சு என்று மறுமுனையில் கேட்டார்கள் போலிருக்கிறது.

"உள்ளதான் இருக்கான். லாக்கப்ல. கொலை கேஸாத்தான் போடுவாங்க. வேற என்ன பண்றது, பெத்த தாயாச்சே," என்றார்.

மேடையில் ஒரு கப் சாய்ந்தது. சூடான டீ ஓடி வந்து நெட்டையின் சட்டைக் கையை நனைத்தது. உள்ளிருந்த கைகள் அவசரமாகத் துடைத்தன, புதிதாக ஊற்றின. இரண்டு கப்பைச் சேர்த்துத் தள்ளின. மூன்றாவதை மூத்தவரின் முழங்கைக்குப் பக்கத்தில் தனியாக வைத்தன.

மூன்று கப்பையும் ஒரு தட்டில் வைத்துக்கொண்டு நெட்டை படியேறினான், போனை முடித்துவிட்டு மூத்தவரும் பின்னால் வந்தார். மேலே தலையை இடித்துக்கொண்டான். அதில் எந்தக் கப் எங்கே இருந்தது என்பது மறந்துபோயிற்று. ஒன்றைத் துப்பறியும் அம்மாளுக்கும் ஒன்றை மூத்தவருக்கும் கொடுத்துவிட்டு, மிச்சத்தைத் தான் உறிஞ்சினான். உறிஞ்சியதும் முகம் கோணியது.

"டீ அருமையாத்தான் இருக்கு. சர்க்கரைதான் லீவு போலிருக்கு," என்றான்.

துப்பறியும் அம்மாள் தன் கப்பைக் குடித்துப் பார்த்தார். அளவான இனிப்பு. மூத்தவரோ ஒரு வாய் குடித்துவிட்டு, அவசரமாகக் கப்பைக் கீழே வைத்தார். இதில் சர்க்கரை இருக்கிறது, தனக்கு ஆகாது, டாக்டர் சொல்லிப் பல வருடமாகிறது என்றார்.

"கீழ அதைச் சொன்னீங்களா?" துப்பறியும் அம்மாள் கேட்ட விதத்தில் ஒரு மாற்றம் இருந்தது. நெட்டைக்கு அந்த மாற்றம் தெரியும்.

"எங்க போனாலும் சொல்லுவேன். இன்னிக்குப் போன்ல இருந்தேன், சொல்லலை."

"நீ சொன்னியா?"

"மூணு டீன்னு மட்டும்தான் பாஸ் சொன்னேன்."

துப்பறியும் அம்மாள் மூத்தவரின் கப்பையும் நெட்டையின் கப்பையும் இடம் மாற்றி வைத்தார். ஒரே அடுப்பில் வந்த மூன்று டீ. அதில் ஒன்றுக்கு மட்டும் சர்க்கரை இல்லை. அது யாருக்கு ஆகாதோ அவர் முழங்கைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது, கேட்காமலே. இந்தக் கப்பலில் இவருடைய உடம்பைப் பற்றித் தெரிந்தவர் யார் இருக்கிறார்கள்?

கரைக்கும் தீவுக்கும் நடுவே நின்றுகொண்டு நெட்டை மூன்று உண்மைகளையும் மறுபடி வரிசையாக வைத்துப் பார்த்தான். ஏறினார். விழவில்லை. இறங்கவில்லை. அவன் கையில் இருந்த தட்டு நழுவிப் பெஞ்சில் விழுந்தது.

"இறங்கவே இல்லை," என்றான் மெதுவாக.

"டோக்கன் வாங்கற ஆள் ரொம்ப நேர்மையான ஆள்," என்றார் துப்பறியும் அம்மாள். "நாமதான் நம்பலை."

பிறகு அவர் மூத்தவரிடம் திரும்பினார். சிரிக்கவில்லை. டீ நன்றாக இருந்ததா என்று விசாரித்தார். சர்க்கரை இல்லாததைக் குடித்த பிறகு, ரொம்ப நன்றாக இருக்கிறது, வீட்டில்கூட இப்போதெல்லாம் இப்படிக் கிடைப்பதில்லை, தம்பியை உள்ளே வைத்த அன்று இதே கப்பலில் இரண்டு டீ குடித்தேன் என்றார் மூத்தவர்.

"அப்போ போட்டவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்களேன். கொஞ்சம் குனிஞ்சு, முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க. பாவம், யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க."

மூத்தவருக்குத் தாராள மனசு, செலவில்லாத விஷயங்களில். இறங்கிப் போனார். மூவரும் பின்னால் போனார்கள். வரிசை கலைந்திருந்தது. அவர் மேடையில் கையூன்றி, முதுகை வளைத்து, ஷட்டருக்கு அடியில் தலையைக் கொடுத்தார். அந்த வயதுப் பெண்களை எல்லாரும் கூப்பிடுவதுபோலத்தான் அவரும் கூப்பிட்டார்.

"அம்மா, டீ ரொம்ப..."

குனிந்தவர் நிமிரவில்லை. கறுப்புக் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவி மேடையில் விழுந்தது. உள்ளிருந்த கை அதை எடுத்து, ஏப்ரனில் துடைத்து, அவரிடமே நீட்டியது.

"சர்க்கரை சரியா இருந்துச்சா?" என்று கேட்டார் அம்மா.

நெட்டை தன் நெடிய உடம்பை இரண்டாக மடித்துப் பார்த்தான். தலைக்குத் தொப்பி, மூக்குக் கண்ணாடி, அடுப்புச் சூட்டில் சிவந்த முகம். கைக்கெட்டிய தூரத்தில் ஒரு எவர்சில்வர் டப்பா, நிறையத் தேயிலை. இரண்டு வீட்டிலும் வாங்குகிற மட்டமான தூளைச் சகிக்காமல் தனக்கென்று ஒளித்து வைத்திருந்தது.

கதை எளிமையாகத்தான் இருந்தது. போகும்போதும் வரும்போதும் அம்மா கான்டீன் பக்கத்தில் உட்காருவார். கான்டீன் நடத்துகிற பெண் போடுகிற டீயைப் பார்த்துப் பொறுக்காமல், தண்ணீர் கொதித்த பிறகு தூளைப் போடு, பாலைத் தனியாகக் காய்ச்சு என்று சொல்லிக்கொடுப்பார். ஒருநாள் அவள் கரண்டியை நீட்டி, நீங்களே வந்து போடுங்களேன் என்றாள். அவள் விளையாட்டுக்குச் சொன்னாள். அம்மா விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த பயணத்தில் பையைக் கட்டி வைத்துவிட்டு ஏப்ரனை மாட்டிக்கொண்டார். ஊழியர்கள் பால் கேனோடு பக்கத்து வழியில் போவார்கள், அங்கே டோக்கன் கேட்பதில்லை. தீவில் ஃபெர்ரிப் பெண் ஊழியர்களுக்கு ஒரு தங்கும் அறை உண்டு, அதில் ஒரு கட்டில் காலியாக இருந்தது. ஓடிவந்த அம்மா என்று தெரிந்தால் தன் வேலை போய்விடும் என்று பயந்து, கான்டீன்காரி போலீசிடம் வாயைத் திறக்கவில்லை. இளையவரை விசாரித்துவிட்டு விட்டுவிட்டார்கள் என்று அம்மாவிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

மூத்தவருக்குக் குரல் திரும்பியபோது முதலில் வந்தது கோபம். ஒளிந்துகொண்டு இப்படி மானத்தை வாங்கலாமா, ஊர் என்ன பேசும், என் அம்மா கப்பலில் டீ ஆற்றுகிறாள் என்று தெரிந்தால் கடையில் நான் எப்படி உட்காருவேன் என்றார்.

"நான் எங்கடா ஒளிஞ்சேன்?" என்றார் அம்மா. குரல் உயரவில்லை. "இதே இடத்துலதான் நிக்கிறேன். உன்னைத் தேடி வர வைக்கணும்னு நினைக்கலை. ஆனா தேடி வந்தே. அன்னிக்கு ரெண்டு டீ வாங்கினே. சின்னவனும் ஒருநாள் தேடி வந்தான், பிடிச்சுட்டுப் போறதுக்கு முன்னால. அவனும் வாங்கினான். யாராவது ஒருத்தன் குனிவான்னு பார்த்தேன். சில்லறையை வச்சிட்டுப் போயிட்டீங்க."

நெட்டைக்கு வாயில் இரண்டு மூன்று வரிகள் தயாராக இருந்தன. எல்லாவற்றையும் விழுங்கினான். அவனுக்கும் ஒரு அம்மா உண்டு, அக்கா வீட்டில்.

துப்பறியும் அம்மாள்தான் பேச்சை எடுத்தார். இளையவர் லாக்கப்பில் இருப்பது அம்மாவுக்கு எப்போது தெரியும் என்று கேட்டார்.

"இப்பத்தான். இவன் போன்ல கத்தினப்போ." அம்மா நெட்டையின் நனைந்த சட்டைக் கையைப் பார்த்தார். "தம்பி, சுட்டுடுச்சா? கரைக்குத் திரும்பினதும் நானே ஸ்டேஷனுக்குப் போறதாத்தான் இருந்தேன். நடுக்கடல்ல இறங்கி நடக்கவா முடியும்?"

சின்ன மருமகள் மேடைக்கு அருகில் வந்தாள். தொலைந்தால் நிம்மதி என்று தான் சொன்ன வார்த்தையைப் பற்றி ஆரம்பித்தாள், முடிக்க வரவில்லை.

"நீ சொன்னே. இவன் பெண்டாட்டி சொல்லலை, நினைச்சா," என்றார் அம்மா. "ரெண்டுல உன்னோடது தேவலை. டீ குடிக்கிறியா?"

அவள் குடித்தாள். அழுதுகொண்டே இரண்டு கப் குடித்தாள்.

தீவில் ஆளேற்றிக்கொண்டு ஃபெர்ரி திரும்பியது. திரும்பும் வழி முழுக்க அம்மா வழக்கம்போல் டீ போட்டார். மூத்தவர் மேல்தளத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். அவருக்கு யாரும் அழுகையை நினைவுபடுத்தவில்லை.

காவல் நிலையம் துறைமுகத்துக்கு எதிரிலேயே இருந்தது. பச்சை ஏப்ரனோடு உள்ளே போன அம்மா, இன்ஸ்பெக்டரின் மேஜைக்கு முன்னால் நின்று, "கொலை பண்ணிட்டதாச் சொன்னீங்களே, அது நான்தான்," என்றார். கொலை செய்யப்பட்டவர் நேரில் வந்து ஆஜராவது இன்ஸ்பெக்டருக்குப் புது அனுபவம். தண்ணீர் கொண்டு வரச் சொன்னார், தனக்கு. பிறகு அதிகாரத்தை மீட்டுக்கொண்டு, போலீஸ் நேரத்தை வீணடித்தது பற்றி ஒரு சின்னப் பிரசங்கம் செய்தார். அம்மா சொல்லாமல் போனது தன் தப்புதான் என்று ஒப்புக்கொண்டார், ஆனால் சீக்கிரம் எழுதிக்கொள்ளும்படி கேட்டார். அடுத்த ஃபெர்ரிக்குப் பால் காய்ச்ச வேண்டும்.

இவரை எந்தப் பிள்ளையின் பொறுப்பில் அனுப்புவது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். மூத்தவர் ஓரடி முன்னால் வந்தார். அம்மா என்றால் தனக்கு உயிர், இனி முறையெல்லாம் வேண்டாம், நிரந்தரமாகத் தன்னோடே இருக்கட்டும் என்றார்.

"மெத்தை இலவசமா சார்?" என்றான் நெட்டை. இந்த ஒன்றை அவனால் விழுங்க முடியவில்லை.

"என் பொறுப்புலயே எழுதுங்க," என்றார் அம்மா. இன்ஸ்பெக்டர் மூத்தவரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், அப்படியே எழுதினார்.

லாக்கப்பிலிருந்து வெளியே வந்த இளையவருக்குத் தாடி முளைத்திருந்தது. கண்கள் உள்ளே போயிருந்தன. ராத்திரியெல்லாம் விழித்தே இருந்தாராம், லாக்கப் காவலர் சொன்னார். தூங்கினதால்தான் அம்மா போனாள் என்று புலம்பிக்கொண்டே இருந்தாராம். அம்மாவைப் பார்த்ததும் அவர் கையெடுத்துக் கும்பிடவுமில்லை, காலில் விழவுமில்லை. வாசல்படியில் உட்கார்ந்து குலுங்கினார். சின்ன மருமகள் அவர் தலையில் ஒரு தட்டுத் தட்டி, பிறகு அதே கையால் தடவிக்கொடுத்தாள்.

துறைமுகத்துப் பக்கவாசலில் பால் வண்டி வந்து நின்றது. அம்மா தன் கேனை எடுத்தார். நிறைந்த கேன், உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. இளையவர் ஓடி வந்து, யாரும் சொல்லாமல், அதை வாங்கிக்கொண்டார்.

சின்ன மருமகள் துப்பறியும் அம்மாளின் கையைப் பிடித்தாள். "கல்யாணமான நாள்லேருந்து இந்த மனுஷன் ஒரு பாத்திரத்தைத் தூக்கி நான் பார்த்ததில்லைங்க," என்றாள்.

இளையவர் கேனோடு முன்னால் நடந்தார், அம்மா பின்னால். வழியில் அவர் ஏதோ கேட்டார், அம்மா இல்லை என்று தலையசைத்தார். மறுபடி கேட்டார். மறுபடி தலையசைத்தார். நெட்டையும் துப்பறியும் அம்மாளும் நின்ற இடத்துக்குப் பேச்சு கேட்கவில்லை. ஏறுபலகை வந்தது. இளையவர் கேனோடு அதில் கால் வைக்கப் போனார். அம்மா அவர் தோளைத் தொட்டு நிறுத்தி, கேனைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டார். பிள்ளையின் தாடையை ஒருமுறை பிடித்துப் பார்த்தார்.

"சவரம் பண்ணிக்கோ," என்றார். "இதுக்கு மேல ஸ்டாஃப் மட்டும்தான்."

ஏறிப் போனார். ஊழியர் ஒருவர் ஏறுபலகையை உள்ளே இழுத்துக்கொண்டார். மூத்தவர் கடையிலிருந்து வந்த போனை எடுத்துக்கொண்டு நிழலுக்கு ஒதுங்கினார். இளையவர் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகு சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டு, திறந்திருந்த அந்த ஒரே கவுண்டரில் போய் வரிசையில் நின்றார்.